ஒரே சமயத்தில் சமமாகவும் சமமில்லாமலும்: பைத்தான் நேர ஒப்பீட்டில் பட்ட அனுபவம்

பைத்தானில் தேதி, நேரம் கையாளும் ஒரு சின்ன ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியைச் சிலர் சேர்ந்து ஓய்வு நேரத்தில் பராமரித்து வந்தோம். பெயர் இங்கே தேவையில்லை. டைம்ஸோன் மாற்றுவது, தேதியைப் படிப்பது போன்றவற்றில் வரும் பக்குகளை எளிதாகக் கண்டுபிடித்துவிடலாம். எங்களை உண்மையில் அலைக்கழித்தவை ==, !=, <, <=, >, >= என்ற ஆறு ஒப்பீட்டுக் குறிகள்தான் (== என்றால் சமமா, != என்றால் சமமில்லையா என்று கேட்பது).

முதல் புகார் இப்படி இருந்தது: அ == ஆ என்று கேட்டால் ட்ரூ (ஆம்), அ != ஆ என்று கேட்டாலும் ட்ரூ. படித்தவுடன் பயனர் எங்கோ குழம்பியிருக்கிறார் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்புறம் இன்னொருவர் நேர் எதிரான புகாரோடு வந்தார். அவருடைய இரண்டு மதிப்புகளுக்கு == கேட்டாலும் ஃபால்ஸ் (இல்லை), != கேட்டாலும் ஃபால்ஸ். இரண்டு புகாருக்கும் காரணம் ஒன்றே.

லைப்ரரியின் முக்கிய கிளாஸ், பைத்தானோடு வரும் டேட்டைம் கிளாஸின் சப்கிளாஸ், அதாவது அதன் மெத்தடுகளைப் பெற்றுக்கொள்ளும் வாரிசு. அதில் ==க்கான டண்டர் ஈக்யூ (__eq__) மெத்தட் மட்டும் புதிதாக எழுதப்பட்டிருந்தது. !=க்கான டண்டர் என்ஈ (__ne__) எழுதப்படவில்லை. பைத்தான் 3 வந்த பிறகு ஈக்யூ எழுதினால் போதும், அதைத் திருப்பிப் போட்டு என்ஈயைப் பைத்தானே பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம். அது உண்மைதான், ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அப்படித் திருப்பிப் போடும் வேலையைச் செய்வது ஆப்ஜெக்ட் என்ற அடிப்படை கிளாஸின் என்ஈ. டேட்டைமோ சி மொழியில் எழுதப்பட்டது, ஆறு குறிகளுக்கும் சொந்த மெத்தட் வைத்திருக்கிறது. நம் சப்கிளாஸில் என்ஈ இல்லையென்றால் பைத்தான் மேலே ஏறிப் பார்க்கும்போது முதலில் அகப்படுவது டேட்டைமின் என்ஈ. ஆப்ஜெக்ட் வரை போகவே போகாது. அதனால் == நம் விதிப்படியும் != டேட்டைம் விதிப்படியும் ஓடும். டிக்ட், ஸ்ட்ரிங், இன்ட் ஆகியவற்றின் சப்கிளாஸ்களிலும் இதே கதைதான். உங்கள் கோடில் அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சரி, இரண்டு விதிகளும் எப்போது முரண்படும்? அதற்குக் கடிகாரம் பின்னோக்கிப் போகும் இடத்துக்கு வர வேண்டும்.

லண்டனில் 2020 அக்டோபர் 25 அன்று அதிகாலை 2 மணி ஆனபோது கடிகாரத்தை 1 மணிக்குத் திருப்பினார்கள். அன்று 1:30 இரண்டு முறை வந்தது. எது முதலாவது, எது இரண்டாவது என்று சொல்ல, பைத்தான் 3.6ல் பெப் 495 என்ற மாற்ற முன்மொழிவு மூலம் ஃபோல்ட் என்ற பண்பு வந்தது. முதல் முறைக்கு 0, இரண்டாம் முறைக்கு 1. இந்தியாவில் உட்கார்ந்து ஆசியா/கொல்கத்தா டைம்ஸோனை மட்டும் வைத்துச் சோதித்தால் இந்தத் தொல்லை கண்ணில் படவே படாது. உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு அந்த டைம்ஸோனில் கடிகாரம் நகரவில்லை. எங்கள் டெஸ்டுகள் பல காலம் பச்சையாகவே இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் கோடைகால நேரம் என்ற வழக்கமே இல்லாமலும் இது நடக்கும். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இலங்கை 1996 மே மாதம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 6:30 மணி நேரம் முன்னே போனது, அதே ஆண்டு அக்டோபரில் 6:00க்கு இறங்கியது, 2006 ஏப்ரல் 15ல் மறுபடி 5:30க்கு வந்தது. அந்தக் கடைசி மாற்றத்தில் நள்ளிரவு தாண்டி 00:30 ஆனதும் கடிகாரம் 00:00க்குப் போனது. ஆக, ஆசியா/கொழும்பு டைம்ஸோனில் அன்றைய 00:15 இரண்டு முறை வருகிறது. முதலாவது யூடிசியில் ஏப்ரல் 14 மாலை 18:15, இரண்டாவது 18:45. எங்கள் டெஸ்டுகளில் லண்டனைவிட இதைத்தான் அதிகம் பயன்படுத்தினோம். ஒரு மணி நேர நகர்வை மட்டும் மனதில் வைத்து எழுதிய கோடு அரை மணி நேர நகர்வில் சிக்கிக்கொள்ளும், அதற்காக.

இப்போது டேட்டைமின் சொந்த விதி. இரண்டு மதிப்புகளும் டைம்ஸோனைச் சொல்லும் ஒரே டிஇசட்இன்ஃபோ பொருளைச் சுமந்தால், சுவர்க் கடிகாரத்தில் தெரியும் எண்களை மட்டும் ஒப்பிடும், ஃபோல்டைக் கண்டுகொள்ளாது. வேறு வேறு பொருள் என்றால் யூடிசிக்கு மாற்றி ஒப்பிடும். அதற்கு மேல் ஒரு விதிவிலக்கு: டைம்ஸோன் வேறாக இருந்து, இரண்டில் ஒன்று இப்படி இரட்டிப்பான நேரத்தில் இருந்தால், == எப்போதும் ஃபால்ஸ்.

எங்கள் லைப்ரரியில் ஈக்யூவை மாற்றி எழுதியதன் நோக்கம் நல்லதுதான். உண்மையில் ஒரே கணமாக இருந்தால் சமம், இல்லையென்றால் சமமில்லை. கொழும்பின் இரண்டு 00:15களை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் == யூடிசியைப் பார்த்து, வேறு கணங்கள் என்பதால் ஃபால்ஸ் என்றது. டேட்டைமிடமிருந்து வந்த !=, ஒரே டைம்ஸோன், ஒரே எண்கள், ஆகவே வித்தியாசமில்லை என்று அதுவும் ஃபால்ஸ் என்றது. இரண்டாம் புகார் இதுதான். அதே 00:15ஐ யூடிசிக்கு மாற்றி மூலத்தோடு ஒப்பிட்டால், எங்கள் == ட்ரூ. டேட்டைமின் != அந்த விதிவிலக்கைப் பார்த்து ட்ரூ. முதல் புகார் இது.

காரணம் தெரியும் முன்பே ஒரு திருத்தம் உள்ளே போயிருந்தது. என்ஈ மெத்தடில் ஒரே வரி: ஈக்யூ மெத்தடை நேரடியாகக் கூப்பிடு, வந்த விடைக்கு முன்னால் நாட் போடு. பார்வைக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் எதிரே இருப்பது டேட்டைமே இல்லையென்றால் ஈக்யூ திருப்பித் தருவது ட்ரூவும் அல்ல, ஃபால்ஸும் அல்ல, நாட்இம்ப்ளிமென்டட் என்ற தனி மதிப்பு. "எனக்குத் தெரியாது, எதிராளியைக் கேள்" என்று அர்த்தம். பூலியனாகப் பார்த்தால் அது ட்ரூ போல நடந்துகொள்ளும். நாட் போட்டதும் ஃபால்ஸ் ஆகிவிடும். விளைவு, எங்கள் நேரம் != நன் (None, மதிப்பே இல்லை) என்று கேட்டால் ஃபால்ஸ்! நேரமும் நன்னும் வேறு இல்லை என்று லைப்ரரி சாதித்தது.

இது யாரைக் கடித்தது என்றால், மாற்றம் வந்தால் மட்டும் சேமி என்று லூப் எழுதியவர்களை. முந்தைய மதிப்பு ஆரம்பத்தில் நன். புதிய மதிப்பு வருகிறது, முந்தையதிலிருந்து வேறா என்று கேட்கிறார்கள், இல்லை என்று பதில் வருகிறது, சேமிக்கவில்லை. முந்தையது நன்னாகவே தொடர்கிறது, அடுத்த சுற்றிலும் அதே பதில். எரர் கிடையாது, லாகில் ஒரு வரி கிடையாது, டேபிள் மட்டும் காலி.

பைத்தான் 3.9 முதல் நாட்இம்ப்ளிமென்டட்டை பூலியனாகப் பயன்படுத்தினால் டெப்ரிகேஷன் வார்னிங் (இது இனி ஆதரிக்கப்படாது என்ற எச்சரிக்கை) வருகிறது. சாதாரணமாக ஓட்டும்போது லைப்ரரிக்குள்ளிருந்து வரும் அந்த வார்னிங் மறைக்கப்பட்டுவிடும், பைடெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியில் ஓட்டினால் கடைசியில் பட்டியலாகக் காட்டும். அந்தப் பட்டியலை யாரும் படிப்பதில்லை என்பது ஊரறிந்த விஷயம். பைத்தான் 3.14ல் அது டைப்எரராகவே மாறிவிட்டது, நல்லதாயிற்று. உங்கள் சிஐயில் (டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் அமைப்பு) வார்னிங்குகளை எரராக மாற்றி ஓட்டும் ஒரு ஜாப் இருந்தால் 3.14க்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சரியான வடிவம் சுலபம். ஈக்யூவின் விடையை ஒரு மாறியில் வாங்குங்கள். அது நாட்இம்ப்ளிமென்டட் என்றால் அப்படியே திருப்பித் தந்துவிடுங்கள். இல்லையென்றால் மட்டும் நாட் போடுங்கள்.

நாட்இம்ப்ளிமென்டட்டை மதிப்பது வெறும் மரியாதைக்காக இல்லை. லைப்ரரியின் பழைய வடிவம் ஒன்றில் தெரியாத பொருள் வந்தால் ஈக்யூ நேராக ஃபால்ஸ் சொல்லிவிடும். டெஸ்ட் எழுதுகிறவர்கள் மாக் தொகுப்பின் எனி என்ற பொருளைப் பயன்படுத்துவார்கள், அது எதோடு ஒப்பிட்டாலும் சமம் என்று சொல்லும். ஆனால் இடப்பக்கம் எங்கள் பொருள் நின்று, ஃபால்ஸ் என்று முந்திக்கொண்டால் எனிக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது. நாட்இம்ப்ளிமென்டட் தந்தால்தான் பைத்தான் வலப்பக்கம் திரும்பிக் கேட்கும். <, > போன்றவற்றிலும் இப்படித்தான்: இடப்பக்கத்தின் < கைவிரித்தால் வலப்பக்கத்தின் > கூப்பிடப்படும். டேட்டைமை உள்ளே வைத்துக்கொண்டு அதன் சப்கிளாஸாக இல்லாமல் கிளாஸ் எழுதுகிறவர்கள், சாதாரண டேட்டைம் இடப்பக்கம் நிற்கும் நிலையையும் சோதிக்க வேண்டும்.

இந்தக் கட்டத்தில் ஒருவர், பைத்தானின் ஃபங்க்டூல்ஸில் விட்டுப்போன ஒப்பீட்டு மெத்தடுகளை நிரப்பும் டோட்டல் ஆர்டரிங் என்ற டெக்கரேட்டர் இருக்கிறதே, அதைப் போட்டால் ஈக்யூவையும் <க்கான எல்டியையும் மட்டும் எழுதினால் போதுமே என்று யோசனை சொன்னார். நியாயமான யோசனை. ஆனால் எங்கள் நிலைமைக்கு உதவாது. அந்த டெக்கரேட்டர், ஆப்ஜெக்டிலிருந்து வந்த மெத்தடை மட்டும்தான் "எழுதப்படாதது" என்று எண்ணும். டேட்டைமிடமிருந்து வந்தவற்றை ஏற்கெனவே எழுதியவை என்று நினைத்து விட்டுவிடும். சப்கிளாஸ் தலையில் போட்டு வைத்தால் எரர் வராது, பலனும் இருக்காது. போட்டிருக்கிறோமே என்ற தைரியம்தான் மிச்சம். தவிர, ஒன்றைத் திருப்பிப் போட்டு இன்னொன்றைப் பெறும் வழியே எல்லா இடத்துக்கும் ஒத்துவராது. பாண்டாஸ் லைப்ரரியில் நேரம் இல்லை என்பதைக் குறிக்கும் என்ஏடி மதிப்பைப் பாருங்கள்: எந்த நேரத்தோடு ஒப்பிட்டாலும் !=க்கு மட்டும் ட்ரூ, மீதி ஐந்துக்கும் ஃபால்ஸ். அங்கே "சிறியதில்லை" என்றால் "பெரியது அல்லது சமம்" என்று ஆகாது.

என்ஈ சரியானதும் அடுத்தது ஹாஷ், அதாவது டிக்டில் ஒரு பொருளைத் தேட உதவும் எண். சமமான இரண்டு பொருள்களுக்கு ஒரே ஹாஷ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டிக்டில் போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. ஈக்யூ எழுதிய கிளாஸிலிருந்து பைத்தான் 3 ஹாஷைப் பிடுங்கிவிடும். அதனால் எங்கள் கோடில் டேட்டைமின் ஹாஷை மீண்டும் ஒட்டவைத்திருந்தார்கள். ஆனால் அந்த ஹாஷ் ஃபோல்டை 0 என்று வைத்துக்கொண்டே கணக்கிடும். கொழும்பின் இரண்டாம் 00:15க்கு அது 18:15ன் ஹாஷைத் தரும். யூடிசி 18:45க்கோ வேறு ஹாஷ். எங்கள் == இரண்டும் சமம் என்கிறது, ஹாஷ் வேறு என்கிறது.

எங்கள் ஹாஷையும் யூடிசியை வைத்து மாற்றினால் தீருமா? எங்கள் பொருள்களுக்குள் தீரும். சாதாரண டேட்டைம் ஒன்று கலந்தால் தீராது. அதன் ஹாஷ் நம் கையில் இல்லை. பெப் 495ன் அந்த விசித்திரமான விதிவிலக்கு ஏன் இருக்கிறது என்பது இங்கே வந்தபோதுதான் விளங்கியது. பழைய கோடு உடையாமல், ஹாஷும் பொய்யாகாமல் இருக்க, இரட்டிப்பான நேரத்தை வேறு டைம்ஸோனில் உள்ள எதற்கும் சமமில்லை என்று அறிவித்துவிட்டார்கள். அழகான தீர்வு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சப்கிளாஸ் எழுதுகிறவர் அதை மீறினால் தப்பிக்க வழியில்லை.

எனவே பெரிய திருத்தம் என்று நாங்கள் கடைசியில் செய்தது, எழுதியிருந்த ஒப்பீட்டு மெத்தடுகளை அழித்ததுதான். ஆறு குறிகளும் டேட்டைமின் விதிப்படியே ஓடட்டும் என்று விட்டோம். ஒரே கணமா, முந்திய கணமா என்று கேட்பதற்கு வேறு பெயரில் தனி மெத்தடுகள் வைத்தோம், அவை யூடிசிக்கு மாற்றிப் பார்க்கும். சிலருக்குப் பிடிக்கவில்லை. == எழுதுவதுதான் வசதி என்றார்கள். வசதிதான், ஆனால் டேட்டைமின் சப்கிளாஸ் என்று சொல்லிக்கொண்டு டேட்டைமுக்கு மாறான சமத்துவத்தை வைத்திருக்க முடியாது. உண்மையான கணத்தைத்தான் குறி ஒப்பிட வேண்டும் என்றால் சப்கிளாஸ் ஆகாமல் தனி கிளாஸாக எழுத வேண்டும். வென்எவர் என்ற லைப்ரரி அந்த வழியில் போகிறது. பெண்டுலம் சப்கிளாஸ் வழி, ஆரோ டேட்டைமை உள்ளே வைத்துக்கொள்ளும் வழி. எதைத் தேர்ந்தெடுக்கும் முன்பும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அழித்ததும் எல்லாம் சுபம் என்று ஆகிவிடவில்லை. டேட்டைமிலேயே ஒரு விரிசல் உண்டு. அந்த விதிவிலக்கு == மற்றும் !=க்கு மட்டும்தான், மற்ற நான்குக்கும் கிடையாது. கொழும்பு 00:15ஐயும் அதன் யூடிசி வடிவத்தையும் ஒப்பிட்டால் <= ட்ரூ, >= ட்ரூ, ஆனால் == ஃபால்ஸ். பள்ளிக் கணக்கில் இது நடக்காது, இங்கே நடக்கும். ஒரே டைம்ஸோனுக்குள் வேறு வகையான சிக்கல்: முதல் சுற்றின் 00:20ல் ஆரம்பித்து இரண்டாம் சுற்றின் 00:10ல் ஒரு வேலை முடிகிறது என்று வையுங்கள். நடந்தது இருபது நிமிட வேலை. டேட்டைமைக் கேட்டால் முடிவு ஆரம்பத்துக்கு முந்தியது என்று சொல்லும், கழித்துப் பார்த்தால் மைனஸ் பத்து நிமிடம் வரும். ஷிஃப்ட், பில்லிங், பார்க்கிங் கட்டணம் எதுவானாலும், டேட்டா உள்ளே நுழையும் இடத்திலேயே யூடிசிக்கு மாற்றி வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுவதே நான் யாருக்கும் சொல்வது.

பழைய டைம்ஸோன் லைப்ரரியான பைடிஇசட்டிலிருந்து பைத்தானோடு வரும் ஸோன்இன்ஃபோவுக்கு மாறுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பைடிஇசட் ஒவ்வொரு ஆஃப்செட்டுக்கும் தனித்தனி டிஇசட்இன்ஃபோ பொருள் தரும். அதனால் இரண்டு 00:15களும் தாமாகவே யூடிசி வழியில் ஒப்பிடப்பட்டு வேறு வேறு என்று வரும். 3.9ல் வந்த ஸோன்இன்ஃபோவில் இரண்டுக்கும் ஒரே பொருள், ஆகவே சமம். வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ 4.0 ஸோன்இன்ஃபோவை இயல்பாக்கியது. கோடில் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பீட்டின் விடை மாறும். "ஒரே பொருள்" என்பதைப் பைத்தான் பெயரை வைத்துப் பார்ப்பதில்லை, ஈஸ் என்ற அடையாளச் சோதனையை வைத்துப் பார்க்கிறது. ஸோன்இன்ஃபோவின் கேஷைத் தவிர்த்து அதே பெயரில் இன்னொரு பொருளை உருவாக்கினால் விதி மறுபடி புரண்டுவிடும்.

டைம்ஸோன் இல்லாத நைவ் மதிப்பும் உள்ள அவேர் மதிப்பும் மோதும்போது < கேட்டால் டைப்எரர், அது நல்லது. 3.3 முதல் == மட்டும் சத்தமில்லாமல் ஃபால்ஸ் தருகிறது. டேட்டாபேஸிலிருந்து வருவது நைவ், கையில் இருப்பது அவேர் என்றால் "மாறிவிட்டதா" என்ற கேள்விக்கு ஒவ்வொரு முறையும் ஆம் என்றே பதில் வரும், தேவையில்லாமல் எழுதிக்கொண்டே இருக்கும். முன்னே சொன்ன காலி டேபிளுக்கு நேர் எதிர்.

இனி டெஸ்டுகள். இவ்வளவு பக்கும் எப்படித் தப்பியது என்று பார்த்தால், எங்கள் பழைய டெஸ்டுகள் பெரும்பாலும் பட்டியலை வரிசைப்படுத்திச் சரிபார்த்தன. சார்டட் பயன்படுத்துவது < ஒன்றை மட்டும். பைசெக்ட், ஹீப்க்யூ, மின் எல்லாமும் அப்படியே, மேக்ஸ் > பயன்படுத்தும். <= அடியோடு உடைந்திருந்தாலும் வரிசை சரியாக வரும். யூனிட்டெஸ்டின் அசர்ட்ஈக்குவல் == மட்டும் கேட்கும், != பக்கமே போகாது. அதற்கு அசர்ட்நாட்ஈக்குவல் தனியாக வேண்டும்.

இப்போது ஒரு மதிப்புப் பட்டியல் வைத்திருக்கிறோம். கொழும்பின் இரண்டு 00:15கள், அவற்றின் யூடிசி வடிவங்கள், 1996 மே 25ல் கடிகாரம் தாண்டிக் குதித்ததால் இல்லாமலே போன 00:30, லண்டனின் 1:30கள், ஒரு நைவ் மதிப்பு, வெறும் தேதி, நன், ஒரு ஸ்ட்ரிங், எனி. ஒவ்வொரு ஜோடிக்கும் இரு திசையிலும் ஆறு குறிகளையும் ஓட்டுகிறோம். ==உம் !=உம் எதிரெதிராக இருக்க வேண்டும். அ < ஆ என்றால் ஆ > அ. சமம் என்றால் ஹாஷும் சமம், எனியைத் தவிர. <= என்பது < அல்லது == என்ற விதியை மட்டும் ஃபோல்ட் மதிப்புகளுக்குத் தளர்த்தியிருக்கிறோம், ஏன் என்று பக்கத்தில் கமென்ட் எழுதி. மதிப்புகளைத் தானே உருவாக்கிச் சோதிக்கும் ஹைப்பாத்தசிஸும் ஓடுகிறது. ஆனால் எங்கிருந்தோ எடுக்கும் ஒரு தேதி அந்தக் குறிப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் விழுவது அபூர்வம், கையால் பொறுக்கிய பட்டியல்தான் பக் பிடிக்கிறது.

ஒப்பீட்டை மாற்றினால் அது சின்னத் திருத்தம் என்று பேட்ச் ரிலீஸில் நுழைத்துவிடாதீர்கள். பழைய விடையை நம்பி எழுதியவர்கள் இருப்பார்கள். நாங்கள் முதலில் வார்னிங் மட்டும் தரும் ரிலீஸ் ஒன்று விட்டு, அடுத்த மேஜர் வெர்ஷனில்தான் மெத்தடுகளை எடுத்தோம்.

ஒரு கோரிக்கையை மட்டும் மறுத்தோம். ஒரு மாதம் பெரியதா, 30 நாள் பெரியதா என்று <ல் கேட்க வசதி வேண்டும் என்று கேட்டார்கள். பிப்ரவரியில் ஒரு விடை, மார்ச்சில் ஒரு விடை. சராசரி நாள் எண்ணிக்கை வைத்து ஏதோ ஒரு விடை தரலாம், தந்தால் யாரோ அதை வைத்து வட்டி கணக்கிடுவார்கள். டேட்யூட்டில் லைப்ரரியில் கால இடைவெளியைக் குறிக்கும் ரிலேட்டிவ்டெல்டாவும் 12 மாதம் 1 வருடத்துக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ளும், ஆனால் < கேட்டால் டைப்எரர்தான் தரும். எந்தத் தேதியிலிருந்து என்று சொன்னால் இரண்டையும் அந்தத் தேதியோடு கூட்டி ஒப்பிடலாம் என்று பதில் எழுதி, அந்த இஷ்யூவை மூடினோம்.